வெட்சிப் பூ சூடிய விளையாட்டு

"மாப்ள, அசையாத. அவன் இந்தப் பக்கம்தான் திரும்புறான்."

சொன்னவர் என் தாய்மாமன். கச்சிராயபாளையம் பக்கம் கல்வராயன் மலையடிவாரத்தில் நாற்பது வருஷமாக ஆடு வளர்ப்பவர். பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கச் சின்னசேலம் வந்தவர், மழை பிடித்துக்கொண்டதால் ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். நான் மக்காச்சோள மண்டியில் கணக்கு முடித்து வந்து, சாப்பிட்டு, வழக்கம்போல டிவி முன்னால் கண்ட்ரோலரோடு உட்கார்ந்தேன். அவரும் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

திரையில் ஆப்கானிஸ்தான். 1984ஆம் வருஷம். நிலா வெளிச்சத்தில் மொட்டைப் பாறைகள். கீழே சோவியத் சிப்பாய்களின் காவல்சாவடி. ஒருவன் ரோந்து வருகிறான். பாறைக்குப் பின்னால் நான் குப்புறப் படுத்திருக்கிறேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறி ஒன்றை மயக்க ஊசித் துப்பாக்கியால் அப்போதுதான் படுக்க வைத்திருந்தேன்.

"வாலைப் பாத்தியா, எப்படித் திரண்டு தொங்குது? இது நம்ம பக்கத்து ஆடு இல்ல" என்றார் மாமா. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது மத்திய ஆசியாவின் கராகுல் இனம். வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஆடு. ஒரு வீடியோ கேமில் வரும் ஆட்டைப் பார்த்து, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு மேய்ப்பர் இது வேற இனம் என்று கண்டுபிடிக்கிறார் என்றால், அந்த ஆட்டை வரைந்தவர்களின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்!

காவல்காரன் திரும்பி நடந்தான். ஊர்ந்து போய் ஆட்டின் முதுகில் பையை மாட்டினேன். பொசுக்கென்று ஒரு பலூன் விரிந்தது. ஆடு இடுப்பளவு உயரத்தில் ஒரு நொடி ஊசலாடியது. அடுத்த நொடி "மே...ஏ...ஏ" என்ற குரலோடு விர்ரென்று வானத்தில் ஏறி மறைந்தது. மாமா கைதட்டினார். அன்று ராத்திரி ஒன்றரை மணி வரை இருவரும் தூங்கவில்லை. பதினாலு ஆடு பிடித்தோம்.

அந்த விளையாட்டின் பெயர் 'மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபாண்டம் பெயின்'. ஜப்பானின் ஹிதியோ கொஜிமா இயக்க, கொனாமி நிறுவனம் 2015 செப்டம்பர் 1 அன்று வெளியிட்டது. பத்து வருஷம் தாண்டியும் இதற்கு இணையாக ஒரு ராணுவ ஓப்பன் வேர்ல்ட் கேமை நான் ஆடியதில்லை. நண்பர்கள் பப்ஜி என்பார்கள், கால் ஆஃப் டியூட்டி என்பார்கள். அதையெல்லாம் நானும் ஆடியிருக்கிறேன். அங்கே சுடத் தெரிந்தால் போதும். இங்கே முதலில் பார்க்கத் தெரிய வேண்டும்.

கதையின் நாயகன் ஸ்நேக். ஒன்பது வருஷம் கோமாவில் கிடந்து சைப்ரஸ் மருத்துவமனை ஒன்றில் கண் விழிக்கிறான். இடது கை போய்விட்டது. அவனுடைய படையும் தளமும் அழிந்துவிட்டன. செயற்கைக் கையைப் பொருத்திக்கொண்டு, குதிரை ஏறி, சோவியத் படை பிடித்து வைத்திருக்கும் பழைய தோழன் மில்லரை மீட்க ஆப்கன் மலைக்குள் நுழைகிறான். மூன்று நாள் கெடு. இங்கே போ, இந்த வழியாகப் போ, பகலில் போ, இரவில் போ என்று விளையாட்டு உங்களைப் பிடித்து இழுக்காது. மேட்டில் நிறுத்தி, கையில் பைனாகுலரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த நிமிஷம் எனக்குப் புல்லரித்தது, பொய்யில்லை.

பைனாகுலரில் ஒவ்வொரு காவல்காரனாகப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். எவன் எந்த வழியாகச் சுற்றுகிறான், எவன் கோபுரத்தில் நிற்கிறான், ஜெனரேட்டர் எங்கே, ரேடியோ எங்கே. ஜெனரேட்டரை நிறுத்தினால் முகாமே இருட்டாகும். ரேடியோவை உடைத்தால் தலைமையகத்துக்குத் தகவல் போகாது. ரேடாரைத் தகர்த்தால் நம் ஹெலிகாப்டர் அங்கேயே வந்து இறங்கலாம். இருட்டும் வரை பொறுக்க முடியாவிட்டால் ஒரு சுருட்டு இருக்கிறது, பற்ற வைத்தால் பொழுது ஓடிவிடும். புழுதிப்புயல் கிளம்பினால் அதுவே திரைச்சீலை, முகாமின் நடுவில் நடந்து போகலாம். ஒரே சாவடியை நான் ஏழெட்டு விதமாகப் பிடித்திருக்கிறேன். ஒரு தடவைபோல மறு தடவை அமையவே இல்லை.

எதிரிகள் படிக்கிறார்கள் என்பதுதான் இதன் உச்சம். நீங்கள் தலையைப் பார்த்தே சுட்டுக்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் சிப்பாய்கள் ஹெல்மெட்டோடு வருவார்கள். இரவிலேயே புகுந்தால் இருட்டில் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். புகை போட்டால் முகமூடி. நம் பழக்கம் என்னவென்று விளையாட்டு நமக்கே எடுத்துக் காட்டிவிடும். இதற்கும் ஒரு வழி உண்டு. நம் படையில் ஒரு குழுவை அனுப்பி, எதிரியின் ஹெல்மெட் சரக்கு வரும் கிடங்கையே அழிக்கலாம். அடுத்த தடவை போனால் தலைகள் எல்லாம் வெறுந்தலை! மண்டிக்குச் சரக்கு எந்த வழியாக வருகிறது, எங்கே தடை பட்டால் விலை ஏறும் என்று தினமும் பார்க்கிற எனக்கு, சண்டையை விநியோகத்தில் ஜெயிக்கலாம் என்று ஒரு கேம் சொன்னது பெரிய சந்தோஷம்.

மொழி விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் சிப்பாய்கள் பேசுவது ரஷ்ய மொழி, ஒரு சொல் புரியாது. பின்னாலிருந்து பிடித்து, கழுத்தில் கத்தி வைத்து மிரட்டினாலும் அவன் என்னவோ சொல்வான், நாம் விழிப்போம். ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எதிரி முகாமிலிருந்து தூக்கி வந்து நம் படையில் சேர்த்த பிறகுதான், அதே பேச்சு திரையில் எழுத்தாக விரியும். அந்த ஆள் வருவதற்கு முன்னாலும் பின்னாலும் அதே முகாம்தான். ஆனால் எனக்கு அது வேறு ஊராகிவிட்டது. அவன் வீட்டு ஞாபகத்தில் புலம்புகிறான், இவன் குளிரைத் திட்டுகிறான். அன்றிலிருந்து யாரையும் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. மயக்க ஊசியும் பலூனும்தான்.

அந்தப் பலூன் கற்பனை என்று நினைத்திருந்தேன். நிஜம்! ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் 1950களில் உருவாக்கியது. கீழே இருப்பவர் கவசப்பட்டை மாட்டிக்கொண்டு பலூனைப் பறக்கவிடுவார். சுமார் 500 அடி கயிறு மேலே நிற்கும். பறந்து வரும் விமானம் மூக்கிலிருக்கும் கவட்டையால் கயிற்றைக் கவ்வி, ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். மனிதருக்கு முன்னால் ஒரு பன்றியை வைத்துப் பரிசோதித்தார்கள். சுழன்று சுழன்று மேலே போய்ச் சேர்ந்த பன்றி, தெளிந்ததும் விமானக்காரர்கள் மேலேயே பாய்ந்ததாம். 1958இல் மனிதரைத் தூக்கினார்கள். 1962இல் ஆர்க்டிக் பனியில் சோவியத்தார் கைவிட்டுப் போன ஆய்வுநிலையத்தைச் சோதிக்கப் போன இருவரை இதே முறையில் அமெரிக்க உளவுத்துறை மீட்டது. கொஜிமா அந்தப் பழைய கருவியை எடுத்து, ஆடு, ஆள், ஜீப், பீரங்கி, டாங்கி என்று எல்லாவற்றையும் தூக்குகிற மந்திரக்கயிறாக்கிவிட்டார். தூக்கியவை எல்லாம் நம் இந்தியப் பெருங்கடலில், செஷல்ஸ் பக்கம் நிற்கும் தளத்துக்குப் போய்ச் சேரும். பிடித்த சிப்பாயே நம் சிப்பாய் ஆவான். பிடித்த ஆடுகளைப் பராமரிக்கத் தனி மேடையே உண்டு.

மாமாவோடு ஆடு பிடித்த அந்த ராத்திரிதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இதை நான் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். வெட்சித் திணை!

வெட்சிப் பூ சூடி, இரவோடு இரவாகப் பகைவர் எல்லைக்குள் புகுந்து ஆநிரை கவர்வது. தமிழில் போரின் முதல் படியே அதுதான். படை அரவத்தோடு புறப்படுவது, ஒற்றர் கண்ணுக்குத் தப்புவது, தானும் ஒற்றி அறிவது, சூழ்ந்து கவர்வது, கவர்ந்ததை வழியில் நோகாமல் ஓட்டி வருவது என்று தொல்காப்பியர் வரிசையாகத் துறை சொல்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: வெட்சி, குறிஞ்சிக்குப் புறம். அதாவது மலைக்கு உரிய வீரம். மலையும் நள்ளிரவும் பதுங்கலும் கூடிய வீரம். எங்கள் கல்வராயனுக்கு வடக்கே செங்கம் பக்கத்தில், பல்லவர் காலத்து நடுகற்கள் எத்தனையோ நிற்கின்றன. அவற்றில் வரும் 'தொறு' என்ற சொல்லுக்குக் கால்நடைக் கூட்டம் என்று பொருள். தொறு கவர்ந்து இறந்தவனுக்கும் கல், தொறு மீட்டு இறந்தவனுக்கும் கல். தோக்கியோவில் உட்கார்ந்து கொஜிமா இதையெல்லாம் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மலையில் சண்டை எப்படி நடக்கும் என்று நேர்மையாக யோசித்த ஒருவர் வெட்சியில்தான் வந்து நிற்பார் என்பதற்கு இந்த விளையாட்டு சாட்சி.

வெட்சி மறவன் தனியாகப் போவதில்லை. இங்கேயும் துணை உண்டு. பாலைவெளியில் அநாதையாக நிற்கும் ஒரு குட்டி நாயைப் பலூனில் அனுப்பி வைத்தால், தளத்தில் வளர்ந்து, ஒற்றைக் கண்ணில் பட்டை கட்டிக்கொண்டு நம்மோடு களத்துக்கு வரும். மோப்பம் பிடித்து, நம் கண்ணுக்குத் தெரியாத எதிரிகளையும் காட்டிக் கொடுக்கும். காட்டில் மாமாவுடைய நாட்டு நாய் காதை விறைத்து நிற்கும் அதே நிற்பு! குதிரை, சொன்னால் ரோட்டில் லத்தி போடும். அதில் ஏறும் ஜீப் வழுக்கிச் சுழலும். அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து, சரக்கு மேடையில் நின்று, விலாசச் சீட்டைத் தேர்ந்தெடுத்தால் எதிரியே நம்மைப் பார்சலாக இன்னொரு முகாமுக்கு அனுப்பி வைப்பான். சாவடிகளில் பாடும் டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை உருவிக்கொண்டு வரலாம். ஆ-ஹா, கிம் வைல்ட் என்று எண்பதுகளின் பாட்டு. அதை ஹெலிகாப்டர் ஒலிபெருக்கியில் அலறவிட்டு இறங்கும் சுகத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஊர்ப்பெயர்களிலும் எனக்கொரு சொந்தம் கிடைத்தது. அந்த வரைபடத்தில் 'டா வியாலோ கல்லை' போல, கல்லை என்று முடியும் கிராமங்கள் வரும். பஷ்தூ மொழியில் அதற்கு ஊர் என்று பொருள். கள்ளக்குறிச்சியை நாங்கள் செல்லமாகக் கல்லை என்போம். அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் சொந்த மாவட்டத்தில் சுற்றுவதுபோல இருக்கும். இப்போது வெள்ளிமலைக்கு பைக்கில் ஏறும்போது, கோமுகி அணையைத் தாண்டியதும் என் கண் தானாக மேட்டைத் தேடுகிறது. எங்கிருந்து பார்த்தால் இந்தப் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும், ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது, ஆட்டுத்தடம் எங்கே போகிறது. முப்பது வருஷம் சும்மா கடந்து போன மலையை இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்த அழகுக்கெல்லாம் லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வேண்டாம். கொஜிமா குழு உருவாக்கிய ஃபாக்ஸ் என்ஜின் அவ்வளவு நேர்த்தி. சிறிய ஊரில், பழைய கம்ப்யூட்டரில், மண்டிச் சம்பளத்தில் வாழ்கிற ரசிகனை இது வாசலில் நிறுத்தவில்லை. 2015 டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் மேடையில் சிறந்த ஆக்‌ஷன் அட்வென்ச்சர் விருது இதற்குக் கிடைத்தது. கொஜிமா அங்கே இல்லை. ஸ்நேக்குக்குக் குரல் கொடுத்த கீஃபர் சதர்லண்ட் பெற்றுக்கொண்டார். அந்த மாதமே கொஜிமா கொனாமியை விட்டு விலகினார். விளையாட்டுக் கதையின் இரண்டாம் பாகம் முழுமையாக முடியவில்லை என்பார்கள். உண்மைதான். முடிந்த பகுதியே ஒரு ஆயுளுக்குப் போதும்.

கடைசியாக, இதை நான் நெஞ்சில் வைத்திருப்பதற்கான காரணம். ஆன்லைனில் ஆடுபவர்கள் தங்கள் தளத்தில் அணுகுண்டு செய்து வைத்துக்கொள்ளலாம். வைத்திருப்பவனைத் தாக்க மற்றவர்கள் தயங்குவார்கள். ஆனால் துணிந்த ஒருவன் இரவில் பதுங்கிப் புகுந்து, அந்தக் குண்டைக் கவர்ந்து, தன் தளத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் போடலாம். ஒரே வகைக் கருவியில் ஆடும் எவரிடமும் ஒரு குண்டுகூட இல்லாத நாளில் மட்டும் திறக்கும் காட்சி ஒன்றை உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். ஐந்து வருஷம் முகம் தெரியாத எத்தனையோ பேர் அதற்காகவே விடிய விடிய உழைத்தார்கள். 2020 ஜூலையில், பிளேஸ்டேஷன் 3 ஆட்டக்காரர்கள் குண்டுகளின் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அந்தக் காட்சியைத் திறந்தார்கள். ஆயுதத்தைக் கவர்ந்து ஆயுதத்தையே ஒழிக்கும் வெட்சி. இதைவிட உயர்ந்த வீரத்தை எந்தப் போர் விளையாட்டும் எனக்குக் காட்டவில்லை.

இது பெரியவர்களுக்கான விளையாட்டு. பதினெட்டு நிறையாத பிள்ளைகள் பொறுத்திருக்கட்டும். மற்றவர்கள் ஒரு தடவையாவது ஆடிப் பாருங்கள். முதல் சாவடிக்கு முன்னால் துப்பாக்கியை எடுக்காதீர்கள், பைனாகுலரை எடுங்கள். கால்மணி நேரம் சும்மா பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் ஆடு மேய்க்கத் தெரிந்த ஒரு தாய்மாமனை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.