ஒன்பதாறு செக்போஸ்ட்டின் இரு பக்கக் கணக்கு

உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையில் ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் சின்னாறு, அதற்கு மேல் கேரளம். மறையூர், காந்தளூர்க்காரர்கள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உடுமலைக்கு இறங்குவது நெடுநாள் பழக்கம். 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து வருபவர்கள் ஆர்.டி.-பி.சி.ஆர். சான்றோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்டவேண்டும் என்று தமிழக அரசு உத்தரவிட்டது. அந்த வாரங்களில் நாட்டின் அன்றாடக் கொரோனாத் தொற்றில் ஏறக்குறைய பாதி கேரளக் கணக்கில்தான் இருந்தது. அந்த எண்ணையும் நம் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'அங்கே நோய் அதிகம், இங்கே குறைவு' என்று பேசினோம். அப்படிப் பேச அந்த எண்கள் இடம் தந்தனவா?

தரவில்லை. தமிழ்நாடு ஆர்.டி.-பி.சி.ஆரில் உறுதியானவர்களை மட்டுமே நோயாளியாக எண்ணியது. கேரளம் ஆன்டிஜென் பரிசோதனையையும் பெருமளவில் நடத்தி, அதில் பாசிட்டிவ் ஆனவர்களையும் சேர்த்தது. நம்முடைய முறை கறாரானது, பிழை குறைந்தது. ஆனால் பரிசோதனைக்கே வராதவர் எந்த முறையிலும் கணக்கில் ஏறமாட்டார்.

எவ்வளவு பேர் விடுபட்டார்கள் என்பதை, 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காவது ரத்தமாதிரி ஆய்வைக் கொண்டு தோராயமாக அளக்கலாம். எதிர்ப்புப் பொருள் இருந்தவர்கள் தமிழ்நாட்டில் 69.2 சதவீதம், கேரளத்தில் 44.4 சதவீதம். மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் இங்கே 5 கோடிக்கு மேல், அங்கே சுமார் ஒன்றரைக் கோடி. அதே சமயத்தில் பதிவாகியிருந்த தொற்று இங்கே சுமார் 25 லட்சம், அங்கே சுமார் 30 லட்சம். கேரளம் ஐந்தில் ஒன்றைப் பிடித்திருக்கிறது, நாம் இருபதில் ஒன்றை. தடுப்பூசியால் வந்த எதிர்ப்புப் பொருளும் இந்தச் சதவீதங்களில் கலந்திருக்கிறது. ஆனால் அப்போது தடுப்பூசி விகிதம் கேரளத்தில்தான் கூடுதல். அதைக் கழித்தால் வித்தியாசம் இன்னும் விரியுமே தவிர சுருங்காது. ஒன்றை மறுக்கக்கூடாது: அங்கே இன்னும் தொற்றாதவர்கள் அதிகம் இருந்ததால் அந்த ஆகஸ்ட் அலை மெய்யானதுதான். செக்போஸ்ட் கட்டுப்பாடு முழுத் தவறு இல்லை. அதற்குச் சொன்ன ஒப்பீடுதான் தவறு.

இறப்புக் கணக்கில் கேரளத்தைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. முதல் அலையில் எது கொரோனா மரணம் என்பதை அங்கே மாநில அளவிலான நிபுணர் குழு தீர்மானித்தது. வேறு நோய் இருந்தவர்கள் பலர் பட்டியலுக்கு வெளியே போனார்கள். தமிழ்நாடோ 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்ட 444 மரணங்களைச் சேர்த்தது. அந்த நேர்மை பெரிது. ஆனால் நாம் அங்கேயே நின்றுவிட்டோம். 2021 ஜூனில் கொரோனா மரண நிவாரணம் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தொற்று உறுதியான 30 நாளுக்குள் நேர்ந்த மரணத்தைச் சேர்க்கலாம் என்று மத்திய அரசின் நெறிமுறை செப்டம்பரில் வந்தது. கேரளம் பழைய கோப்புகளைத் திறந்தது. அக்டோபரில் சுமார் 27 ஆயிரமாக இருந்த அதன் கணக்கு அடுத்த மார்ச்சுக்குள் 65 ஆயிரத்தைத் தாண்டியது. அதைப்போல இரண்டு மடங்கு மக்கள் வாழும் தமிழ்நாட்டின் கணக்கு 38 ஆயிரத்தோடு முடிந்தது. கேரளத்தில் முதியவர்கள் அதிகம் என்பது ஒரு காரணம்தான், ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அது தாங்காது. 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம் கேட்டு வந்த விண்ணப்பங்களே நம் மாநிலத்தில் பதிவான மரணங்களைவிட அதிகம். நீதிமன்றம் தள்ளித்தான் நடந்தது என்றாலும், திருத்தத்தை முழுமையாகச் செய்தது கேரளம்.

கொரோனா ஓய்ந்தாலும் டெங்கு ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. தேசியக் கணக்கில் எலைசா பரிசோதனையில் உறுதியானால்தான் டெங்கு. தனியார் ஆஸ்பத்திரியின் கார்டு டெஸ்ட் பாசிட்டிவ் அதில் சேராது. 2017இல் அந்தக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு, 65 மரணம். கேரளத்தில் 19,994 பேர், 37 மரணம். அதே ஆண்டு நம் செய்தித்தாள்களில் 'மர்மக் காய்ச்சலுக்குப் பலி' என்ற தலைப்புகள் வந்துகொண்டே இருந்தன. தம் பிள்ளை எதனால் செத்தது என்றே பதில் கிடைக்காத பெற்றோர் அந்தத் தலைப்புகளுக்குள் இருந்தார்கள். கேரள சுகாதார இயக்ககம் அன்றாட அறிக்கையில் சந்தேகத்துக்குரியவை ஒரு பத்தி, உறுதியானவை ஒரு பத்தி என்று பிரித்து வெளியிடுகிறது, மரணங்களையும் அப்படியே. சந்தேகப் பத்தியில் எல்லாமே டெங்குவாக இராது, எண் பெரிதாகித் தெரியும். அப்படித் தெரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உறுதிச் சான்று வரும்வரை கொசு காத்திருப்பதில்லை.

ஆகவே கேரளத்தின் இரண்டு பத்தி முறையே மேல். உடுமலை அடங்கிய திருப்பூர் மாவட்டம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், கூடவே மூன்றாவதாக ஒரு பத்தியும் வேண்டும்: மறையூரிலிருந்து இறங்கி உடுமலையில் படுத்திருக்கும் நோயாளியின் சொந்த ஊர். அந்தத் தகவல் அன்றைக்கே மறையூர் அடங்கிய இடுக்கி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போனால்தான் அவர் வீட்டைச் சுற்றி மருந்தடிக்க ஆள் போகமுடியும்.