பயிற்றுநரும் ஆய்வாளரும்: தங்கிச் செல்லும் வேலைகளா?

2014 ஜனவரி 31 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, இந்தியாவின் பாதுகாப்புக் கண்காணிப்பை முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. அதனால் இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை எதையும் தொடங்க முடியாமல் போயிற்று. சுட்டிக்காட்டப்பட்ட குறைகளில் முக்கியமானது ஆள் பற்றாக்குறை. விமான நிறுவனங்களைக் கண்காணிக்க வேண்டிய டிஜிசிஏவிடம் முழுநேரப் பறப்பு ஆய்வாளர்கள் போதிய அளவில் இல்லை. அந்த வேலையின் பெரும்பகுதியை, அதே நிறுவனங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த விமானிகளே இரவலாக வந்து செய்துகொண்டிருந்தார்கள். முழுநேர ஆய்வாளர்களைச் சேர்த்த பிறகு, 2015 ஏப்ரலில் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. செய்தியும் அத்தோடு முடிந்துபோனது.

முடிந்திருக்கக் கூடாது. அது ஓர் அலுவலகத்தின் ஆள்சேர்ப்புச் சிக்கலைவிடப் பெரிய விஷயம். விமானப் பாதுகாப்பு சாய்ந்து நிற்கும் வேலைகள் இரண்டு: பறக்கக் கற்றுக்கொடுப்பது, பறப்பவரைச் சோதிப்பது. இரண்டையும் நாம் இடைவழி வேலைகளாகவே வைத்திருக்கிறோம். பயிற்றுநர் விமான நிறுவனத்துக்குப் போகும் வழியில் சில காலம் தங்குகிறார். ஆய்வாளர் விமான நிறுவனத்திலிருந்து வருகிறார், ஒப்பந்தம் முடிந்தால் அங்கேயே திரும்பவும் கூடும். இந்த ஏற்பாட்டில் உண்மையான நன்மைகள் உண்டு. ஆனாலும் நீண்ட காலத்தில் இது பாதுகாப்பை அரிக்கிறது என்பதே என் முடிவு.

முதலில் பயிற்றுநரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இளம் விமானிகள் பயிற்றுநராவதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 இரவு, கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம் பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து, இறக்கைகள் தூக்குவிசையை இழக்கப்போவதைக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. அந்த நேரத்தில் விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் அது. கேப்டன் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். அவர் அதற்கு முன்பே பல திறன் சோதனைகளில் தவறியவர் என்பது விசாரணையில் வெளிவந்தது.

பலியானோரின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 2013 முதல், துணை விமானியாக அமரவே பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு தேவையானது. அதற்கு முன் 250 மணிநேரம் போதும். ஆனால் அந்த விமானத்தின் கேப்டனுக்கு 3,000 மணிநேரத்துக்கு மேலும், துணை விமானிக்கு 2,000 மணிநேரத்துக்கு மேலும் அனுபவம் இருந்தது. புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரும் அதே இருக்கைகளில் அமர்ந்திருப்பார்கள். கற்பித்தலும் சோதித்தலும் எப்படி நடந்தன என்று கேட்க வேண்டிய இடத்தில், எத்தனை மணிநேரம் என்று கேட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

விளைவு என்ன? 250 மணிநேரத்தில் உரிமம் பெற்றவர் 1,500ஐ எட்டுவதற்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வழி, பயிற்றுநர் வேலை. நேற்று கற்றவர் இன்று கற்பிக்கிறார். இதை முழுக்கக் குறை சொல்வது நியாயமில்லை. தான் திணறிய இடங்கள் இளம் பயிற்றுநருக்குப் பசுமையாக நினைவிருக்கின்றன. மாணவரின் குழப்பத்தை அவரால் உள்ளிருந்து புரிந்துகொள்ள முடியும். அறிவிலும் பழக்கத்திலும் அவர் புதுசாக இருக்கிறார். தவிர, தரையிறக்கத்தை நூற்றுக்கணக்கான முறை அடுத்தவருக்கு விளக்கியவர் அதைத் தானும் ஆழமாகக் கற்றுக்கொள்கிறார். நல்ல கேப்டன்கள் பலர் பயிற்றுநர் இருக்கையில்தான் முதிர்ந்தார்கள்.

எது குறைகிறது? விட்டுப்பிடிக்கும் திறன். மாணவர் தரையிறங்கும்போது மூக்கைச் சற்று முன்னதாகவே தூக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஓடுதளத்துக்கு மேலே மிதக்கிறது, வேகம் குறைந்துகொண்டே வருகிறது. புதிய பயிற்றுநர் பயந்து உடனே கட்டுப்பாட்டைப் பறித்துக்கொள்கிறார். விமானம் பத்திரமாக இறங்குகிறது. மாணவர் எதையும் கற்கவில்லை. முதிர்ந்தவர் இன்னும் ஒரு நொடி காத்திருக்கிறார், ஒரே ஒரு சொல் சொல்கிறார், தவறு எப்படி உடம்பில் உறைக்கிறது என்பதை மாணவர் உணர்ந்து தானே திருத்த இடம் கொடுக்கிறார். எந்தக் கணத்தைத் தாண்டினால் இருவராலும் மீள முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். இந்த ஒரு நொடியின் மதிப்பு பல ஆண்டுகள் வலது பக்க இருக்கையில் உட்கார்ந்தால்தான் கைவரும். கைவரத் தொடங்கும் நேரத்தில் 1,500 மணிநேரம் நிறைந்துவிடுகிறது. பயிற்றுநர் கிளம்பிவிடுகிறார். இன்னொரு புதியவர் வருகிறார். பயிற்சிப் பள்ளி எப்போதும் ஆரம்பத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறானது, ஆனால் நோய் ஒன்றுதான். இங்கே வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் போதும். அதன்பிறகு ஏர்பஸ், போயிங் போன்ற ஒரு விமான வகையில் டைப் ரேட்டிங் பெற்றவர் நேராகத் துணை விமானி வேலைக்குத் தேர்வெழுதலாம். நிறுவனங்களே கேடட் திட்டங்களை நடத்துகின்றன. படிப்புக்கும் டைப் ரேட்டிங்குக்கும் சேர்த்து அரைக்கோடிக்கு மேல் செலவாகிறது, பெரும்பாலும் வங்கிக் கடன் அல்லது விற்ற நிலம். அப்படிக் கடன் சுமந்து வருபவரிடம் பயிற்றுநராக இருந்து குறைந்த சம்பளத்தில் பொறுமையாகக் கற்பிக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஆகவே அமெரிக்கப் பள்ளிகளில் இளம் பயிற்றுநர்கள் நிறைந்திருக்க, நம் பள்ளிகளில் பயிற்றுநர்களே கிடைப்பதில்லை. உதவிப் பயிற்றுநர் தகுதி பெற்றவர் முழுத் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் கற்பிக்க வேண்டும். அந்த மேற்பார்வையாளர்கள் ஓய்வுபெற்ற விமானப்படை வீரர்களாகவோ வெகுசில மூத்தவர்களாகவோ இருக்கிறார்கள். விமானம் நிற்கிறது, வானிலை தெளிவாக இருக்கிறது, கூட ஏறப் பயிற்றுநர் இல்லை என்று மாணவர்கள் காத்துக்கிடக்கிறார்கள். நம் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பறக்கக் கற்கப் போவதற்கு இந்தக் காத்திருப்பு ஒரு பெரிய காரணம்.

பற்றாக்குறை இருக்கும் இடத்தில் குறுக்குவழி முளைக்கிறது. பறக்காத நேரத்தை லாக்புக்கில் எழுதிக்கொள்வதை விமானிகள் பார்க்கர் பேனா மணிநேரம் என்று சொல்வார்கள். 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டபோது, பறப்பு மணிநேரங்களைப் பொய்யாகப் பதிவுசெய்த பள்ளி விவகாரமும் சேர்ந்தே வெளிவந்தது. லாக்புக்கில் பயிற்சிப் பறப்புகளுக்கு ஒரு பயிற்றுநர் கையெழுத்திடுகிறார். இந்தத் தொழிலிலேயே வாழப்போகிறவருக்கு அந்தக் கையெழுத்து அவருடைய பெயர், மானம். ஆறு மாதத்தில் கிளம்பப்போகிறவர்களில் பெரும்பாலோரும் நேர்மையானவர்களே. ஆனால் நேர்மையை ஆளின் குணத்துக்கு விட்டுவிட்டு, அதைக் காக்கும் ஏற்பாடு எதையும் செய்யாமல் இருப்பது நிர்வாகத்தின் தவறு.

இனி ஆய்வாளர். காக்பிட்டின் பின்னிருக்கையில் அமர்ந்து, இரு விமானிகளும் சரிபார்ப்புப் பட்டியலை உண்மையில் வாசிக்கிறார்களா, தரையை நெருங்கும்போது வேகமும் உயரமும் வரம்புக்குள் இருக்கின்றனவா, இல்லாவிட்டால் மீண்டும் மேலே எழும்புகிறார்களா என்று பார்ப்பவர் அவர். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், விமானம் தரையை நெருங்கிய விதம் வரம்பை மீறியிருந்தது. துணை விமானி மேலே எழும்பச் சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்று விசாரணை நீதிமன்றம் கண்டது. இத்தகைய பழக்கங்கள் விபத்தாக முடிவதற்கு முன், சாதாரண நாளொன்றில், சாதாரணப் பயணமொன்றில் கண்ணில் படுகின்றன. பார்ப்பதற்குத் தெரிந்த கண் வேண்டும்.

அந்தக் கண் விமானியின் கண்ணாகத்தான் இருக்க முடியும். ஏ320 விமானத்தை ஓட்டாதவரால் ஏ320 கேப்டனை மதிப்பிட முடியாது. எனவே விமான நிறுவனங்களிலிருந்து ஆட்களை எடுப்பது தவிர்க்க முடியாதது, நல்லதும்கூட. புதிய கருவிகள், புதிய நடைமுறைகள், விமானிகள் விதியை எங்கே வளைப்பார்கள் என்ற உள்ளறிவு எல்லாம் அவர்களோடு வருகின்றன. இரவல் ஏற்பாட்டை ஆதரித்தவர்களின் வாதத்தில் இந்த அளவுக்கு உண்மை இருந்தது.

ஆனால் நாளை தனக்கு வேலை தரக்கூடியவரை இன்று ஒருவர் எவ்வளவு கடுமையாகச் சோதிப்பார்? அமெரிக்காவில் இதற்குக் கசப்பான சான்று இருக்கிறது. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 2006–07இல், உடற்பகுதி விரிசல்களுக்கான கட்டாயச் சோதனையைச் செய்யாமலேயே 46 போயிங் 737 விமானங்களைப் பறக்கவிட்டது. தவறு தெரிந்த பிறகும் அவை சில நாட்கள் பயணிகளோடு பறந்தன. எஃப்ஏஏவின் மேற்பார்வை ஆய்வாளர் அதைத் தடுக்கவில்லை. நிறுவனத்தின் சார்பில் எஃப்ஏஏவோடு பேசியவர் முன்பு அதே எஃப்ஏஏ அலுவலகத்தில் பணியாற்றியவர். கீழ்நிலையில் இருந்த இரண்டு ஆய்வாளர்கள் பல தடவை எழுதியும் பலனில்லாமல், 2008 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். நிறுவனம் 75 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. பின்னர், பதவி விலகிய ஆய்வாளர் தான் கண்காணித்த நிறுவனத்தின் சார்பில் எஃப்ஏஏவிடம் வாதாட 2 ஆண்டுத் தடை வந்தது.

அந்த இருவரும் நிலையான அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மிரட்டல் வந்தபோதும் அவர்கள் கால் ஊன்றி நிற்க ஓர் இடம் இருந்தது. நம் பறப்பு ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்து நாடே தவித்தபோது, அந்த நிறுவனத்தைக் கண்காணித்த 4 ஒப்பந்த ஆய்வாளர்களை டிஜிசிஏ பணியிலிருந்து நீக்கியது. அவர்கள் கடமை தவறினார்களா என்பதை அதற்கான விசாரணை சொல்லட்டும். அந்த நெருக்கடிக்குப் பின்னணியான விமானிகளின் ஓய்வு விதிகள் மாறப்போவது வெகு முன்பே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, முதலில் நீக்கப்பட்டவர்கள் நீக்குவதற்கு எளிதானவர்கள் என்பது கண்முன் தெரிகிறது. இப்படி எளிதாக நீக்கப்படக்கூடியவரிடம் பெரிய நிறுவனத்தை எதிர்த்து அறிக்கை எழுதும் துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு, டிஜிசிஏவின் 1,063 பதவிகளில் 553 மட்டுமே நிரப்பப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஆய்வாளருக்கு நிலையான பணியும் கேப்டனுக்கு ஈடான ஊதியமும் வேண்டும். அதற்கான பணத்தை விமான நிறுவனங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து எடுக்கலாம், டிஜிசிஏ தன் ஊழியர் விதிகளைத் தானே வகுக்கும் அதிகாரத்தோடு. விலகிய ஆய்வாளருக்கு அமெரிக்காவில் உள்ளதுபோல 2 ஆண்டு இடைவெளி இங்கும் கட்டாயமாக வேண்டும். பயிற்றுநர் விஷயத்தில் நிறுவனங்களின் பங்கு பெரியது. மூன்று ஆண்டுகள் கற்பித்துவிட்டு வருபவருக்குப் பணிமூப்பில் அந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்த்தால், கற்பிப்பது பின்தங்குவது என்ற நிலை மாறும். தங்கள் துணை விமானிகளை உருவாக்கித் தரும் பள்ளிகளுக்கு, நிறுவனங்கள் மூத்த கேப்டன்களை ஆண்டுக்குச் சில வாரங்கள் அனுப்பலாம்.

பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் எத்தனை விமானங்கள் நிற்கின்றன, எத்தனை மாதத்தில் 200 மணிநேரம் முடியும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கே இப்போது கற்பிக்கும் பயிற்றுநர்கள் எத்தனை ஆண்டுகளாக அந்த வேலையில் இருக்கிறார்கள், உங்கள் பிள்ளையின் பயிற்சி முடியும்வரை இருப்பார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.