‘இரதம்’ என்னும் பெயரும் ‘கிருகம்’ என்னும் சான்றும்: மாமல்லபுரத்து ஒற்றைக்கல் கட்டடங்கள் – ஒரு மறுவாசிப்பு

திறவுச்சொற்கள்: மாமல்லபுரம், பல்லவர் கலை, ஒற்றைக்கல் தளி, தூங்கானை மாடம், மனை மரபு

முன்னுரை

மாமல்லபுரத்தின் தென்புறத்தில் நிற்கும் ஐந்து ஒற்றைக்கல் கட்டடங்கள் ‘பஞ்சபாண்டவர் இரதங்கள்’ என வழங்கப்பெறுகின்றன. பாண்டவர்க்கும் இவற்றிற்கும் தொடர்பில்லை என்பதை ஆய்வுலகம் ஏற்றுள்ளது. ஆயினும் ‘இரதம்’ என்ற சொல் ஆய்வுரைகளிலும் பாடநூல்களிலும் நீடிக்கிறது. அச்சொல் இக்கட்டடங்களின் இயல்பை மறைக்கிறது என்பதும், இவை வாழ்மனை மரபைக் கல்லில் பெயர்த்த இறையில்லங்கள் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

கல்வெட்டுச் சான்று

தருமராச இரதத்தின் மேல்தளத்தில் உள்ள கிரந்த எழுத்துக் கல்வெட்டு அதனை ‘அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்’ எனக் குறிக்கிறது. கிருகம் என்பது இல்லம். ‘கோயில்’ என்னும் தமிழ்ச்சொல்லும் ‘கோ’வின் ‘இல்’லையே சுட்டுகிறது. ஐந்தனுள் எதிலும் தேர்ச்சக்கரம் செதுக்கப்பெறவில்லை. எனினும், கிருகம் என்பது அக்காலத்தில் கோயிலுக்கு வழங்கிய பொதுச்சொல்லே. மகேந்திரவாடிக் குடைவரையும் ‘மகேந்திர விஷ்ணுகிருகம்’ எனப்பெறுகிறது. ஆகவே சொல் ஒன்றே போதிய சான்றாகாது. வடிவமும் அதனோடு ஒத்து நிற்றல் வேண்டும்.

வடிவச் சான்று

திரௌபதி இரதம் நாற்புறமும் வளைந்திறங்கும் கூரையுடைய குடிசை. பீம இரதம் நீள்சதுரத் தரையும் வண்டிக்கூடு போன்ற கூரையும் கொண்ட சாலை வடிவம். நகுல சகாதேவ இரதத்தின் பின்புறம் படுத்த யானையின் முதுகெனத் திரண்டுள்ளது; அருகில் செதுக்கப்பெற்ற யானை அவ்வொப்புமையை உறுதிசெய்கிறது. இவ்வடிவத்தைத் தமிழ் மரபு ‘தூங்கானை மாடம்’ என்கிறது. பெண்ணாகடத்துக் கோயிலுக்குத் தேவாரம் வழங்கும் பெயரும் அதுவே. அருச்சுன இரதம் இருநிலை மாடம். தருமராச இரதம் முந்நிலை மாடம். கொடுங்கைகளில் வரிசையாக அமைந்த கூடுகள், வளைத்த மரச்சட்டங்களாலான கூரைமுகப்பை நினைவூட்டுகின்றன. கல்லுக்குத் தேவையற்ற இவ்வுறுப்புகள் மரத்தச்சரின் கைப்பழக்கத்திலிருந்தே வந்திருத்தல் கூடும்.

முந்தைய விளக்கங்களின் குறைகள்

ஜேம்ஸ் பெர்குசன் இவற்றைப் பௌத்த விகாரங்கள், சைத்தியங்கள் ஆகியவற்றின் படிகளாகக் கண்டார். விகாரமும் துறவியர் உறைவிடமே. அதற்கும் முற்பட்ட மனைவடிவத்தை இவ்விளக்கம் கருத்திற் கொள்ளவில்லை. குடிசையிலிருந்து மாடம் படிப்படியாக வளர்ந்தது என்னும் ஏணிமுறை விளக்கமும் இங்குப் பொருந்தாது. குடிசை வடிவான திரௌபதி இரதமும் இருநிலை அருச்சுன இரதமும் ஒரே மேடைமீது நிற்கின்றன; எனவே அவை ஒரே திட்டத்தின் கூறுகள். வடக்கிலிருந்து தெற்காக உயர்ந்து சென்ற பாறையின் தாழ்ந்த முனையில் குடிசையும், உயர்ந்த முனையில் முந்நிலை மாடமும் அமைந்தன. வரிசையைத் தீர்மானித்தது பாறையின் உயரமே; கால வளர்ச்சியன்று.

இவை சிற்பிகளின் பயிற்சி மாதிரிகள் என்னும் கருத்தும் ஐயத்திற்குரியது. திரௌபதி இரதத்தின் கருவறைச் சுவரில் கொற்றவையும், தருமராச இரதத்தின் மேல்தளக் கருவறையில் சோமாஸ்கந்தரும் இடம்பெற்றுள்ளமை வழிபாட்டு நோக்கத்தைக் காட்டுகிறது. பணி முற்றுப்பெறாமை மாதிரி என்பதற்குச் சான்றாகாது.

1962இல் இரா. நாகசாமி மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தும் இராசசிம்மன் படைப்பே என வாதிட்டபின், ஆய்வுக்கவனம் பெரிதும் ‘எடுப்பித்தவர் யார்’ என்னும் வினாவிலேயே நிலைத்தது. ‘எதைப் பார்த்து எடுத்தனர்’ என்னும் வினா அதற்கிணையான கவனம் பெறவில்லை.

முடிவுரை

மரம், செங்கல், ஓலை ஆகியவற்றாலான பல்லவர்கால மனைகள் இன்று இல்லை. அவற்றின் கூரை, மாடம், முகப்பு ஆகியன எவ்வாறு இருந்தன என்பதற்கு இவ்வைந்து கட்டடங்களும் அரிய சான்றுகள். தேர் என அழைக்கும்வரை அச்சான்றை நாம் கோயிற்கலை வரலாற்றுக்குள் மட்டுமே அடைத்து வைக்கிறோம். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற இவ்விடத்தின் விளக்கப் பலகைகளிலும் பாடநூல்களிலும் வழக்குப்பெயருடன் கல்வெட்டுப் பெயரையும் மனைவடிவப் பெயர்களையும் சேர்த்து வழங்குதல், தமிழர் குடியிருப்புக் கட்டடக்கலை ஆய்வுக்கு முதற்படியாக அமையும்.