புரொப்பெல்லர் வாங்கும்போது அட்டவணை கேட்காத கேள்வி

பராமோட்டாருக்கு மரப் புரொப்பெல்லரா, கார்பனா என்று தேடினால் ஒரே மாதிரி அட்டவணைதான் கிடைக்கிறது. விலை, எடை, உந்துவிசை என்று மூன்று கட்டம். கடைசியில் "கையைக் கடித்தால் மரம், இல்லையென்றால் கார்பன்" என்று ஒரு தீர்ப்பு. என் விமர்சனம் அந்த அட்டவணை மேல்தான். எண்கள் சரியாகவே இருக்கட்டும், கேள்வி சரியில்லையே! முதுகுக்குப் பின்னால் சுற்றுகிற ஒரு பொருளைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அது எப்படி உடையும் என்பதுதான்.

எங்க சோமனூர்ல இந்தக் கேள்வி புதுசில்லை. விசைத்தறியில் நாடா நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் குறுக்கே ஓடுகிறது. அதை அடித்துத் தள்ளுவது ஒரு மரக்குச்சி. ஏன் மரம்? அதிர்ச்சியை வளைந்து வாங்கிக்கொள்ளும், விரிசல் விட்டால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், மாற்றச் செலவும் குறைவு. நாடாவுக்கும் குச்சிக்கும் ரெசின் ஏற்றி அழுத்திய மரமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ரோட்டால் கம்பெனி ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்குச் செய்த பிளேடுகளிலும் அதே இனத்து அழுத்த மரம்தான். ஆக, மரம் என்றால் ஏழைக்கு ஏற்ற மட்டச் சரக்கு என்ற பேச்சு நிற்காது.

இப்போ கணக்குக்கு வருவோம். 125 செ.மீ. புரொப்பெல்லர், நிமிஷத்துக்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையின் வேகம் மணிக்கு சுமார் 660 கி.மீ. அந்த முனைப் பக்கம் வெறும் 10 கிராம் சில்லு பெயர்ந்தால், மையத்தை இழுக்கும் சமநிலையற்ற விசை சுமார் 52 கிலோ எடைக்குச் சமம். நொடிக்கு 46 தடவைக்கு மேல் திசை மாறி மாறி இழுக்கும். போல்ட், பெல்ட், இன்ஜின் தாங்கி எல்லாம் அதைத்தான் வாங்குகின்றன. ஒரு பக்கம் மட்டும் 5 கிராம் பசை பூசி ஒட்டுப்போட்டாலும் அதில் பாதி விசை வந்துவிடும்.

கார்பனைக் குறை சொல்லவில்லை. எடை குறைவு, விறைப்பு அதிகம், ஈரத்துக்கு அசையாது. சுழலும் எடை குறைந்தால் இன்ஜின் சட்டென்று வேகம் பிடிக்கும், கியருக்கும் சுமை குறையும். ஆனால் அடிபட்ட கார்பன் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்றும், பிரிந்த இடம் மொத்தையாகவும் கேட்கும். இதைச் சொல்லாமல் செகண்ட்ஹேண்ட் கார்பனைச் "சிக்கனம்" என்று எழுதுவது படிக்கிறவர் உயிரோடு விளையாடுவது.

மரத்துக்கும் சீக்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் பறக்க வாய்ப்பு குறைவு, இன்ஜின் மூலையில் கிடக்கும். வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி மரம் சுருங்கும், உப்பும். போல்ட் இறுக்கம் மாறிவிடும். ஒவ்வொரு சீசனிலும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும். சாய்த்து நிறுத்தி வைத்தால் ஈரம் ஒரு பக்கம் இறங்கும், படுக்க வைப்பதே நல்லது.

என் தீர்ப்பு இது. புதிதாகக் கற்பவர் விழுவார், பிளேடை உடைப்பார். அவருக்கு மரமும், கூடவே ஒரு ஸ்பேரும். அடிக்கடி பறந்து, ஒவ்வொரு தடவையும் தட்டிச் சோதிக்கிறவருக்குப் புதுக் கார்பன். ஒட்டுப்போட்ட கார்பன் யாருக்கும் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும்.

இன்னொன்றும் அட்டவணையில் இல்லை. தரையில் ஸ்டார்ட் செய்யும்போது கை உள்ளே போனால், மரமோ கார்பனோ, விரல் போவது ஒன்றுதான். அங்கே காப்பாற்றுவது கூண்டு. தறியில் நாடா பறந்து ஆளை அடிக்காமல் இருக்கக் காவல் கம்பி போட்டார்கள். நாடாவை விலை கூடின சரக்காக மாற்றி அந்த ஆபத்தைத் தீர்க்கவில்லை. மரம் வாங்கி மிச்சம் பிடிக்கிற பணத்தை, விரல் நுழையாத கூண்டிலும் ரிசர்வ் பாராசூட்டிலும் போடுங்க.