கோராகின் வழக்கு

விவிலியத்தின் எண்ணாகமம் 16ஆம் அதிகாரத்தில், மோசேக்கு எதிராகக் கிளம்பிய கோராகு எழுப்பும் கேள்வி நேரானது. சபையார் எல்லோரும் பரிசுத்தர், கடவுள் அவர்கள் நடுவே இருக்கிறார். பிறகு மோசேயும் ஆரோனும் மட்டும் எதற்கு உயர்ந்து நிற்க வேண்டும்? ரூபன் குலத்துத் தாத்தான், அபிராம், ஓன் ஆகியோரும் 250 தலைவர்களும் அவனோடு சேர்கிறார்கள். பூமி வாய் பிளந்து கலகக்காரர்களை விழுங்குகிறது. தூபம் காட்டிய 250 பேரை நெருப்பு பட்சிக்கிறது. மறுநாள் முறுமுறுத்த மக்களில் 14,700 பேர் கொள்ளைநோயில் சாகிறார்கள். தண்டனை கிடைத்துவிட்டது, கேள்விக்கான பதிலைத் தேடும் வேலை உரையாசிரியர்கள் தலையில் விழுந்தது.

11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, மித்ராஷ் எனும் பழைய வேதவிளக்க மரபைப் பின்பற்றி, இதைப் பங்காளிக் காய்ச்சல் என்கிறார். கோராகின் தாத்தா கோகாத்துக்கு நான்கு மகன்கள். மூத்தவர் அம்ராமின் பிள்ளைகளான மோசேக்கும் ஆரோனுக்கும் தலைமையும் ஆசாரியத்துவமும் போயின. அடுத்த பதவி இரண்டாமவர் மகனான தனக்கு வரும் என்று கோராகு காத்திருந்தான். அதுவோ கடைசித் தம்பியின் மகன் எல்சாபானுக்குப் போனது.

விளக்கம் கச்சிதம்தான். ஆனால் எதிர்ப்பவனைப் பொறாமைக்காரன் என்று சொல்லிவிட்டால் அவன் வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதவியில் இருப்பவர்களுக்கு இது எக்காலத்திலும் வசதி. மித்ராஷ் அந்த வசதியோடு நின்றுவிடவில்லை என்பதே இதில் எனக்குப் பிடித்த பகுதி. வேதத்தில் இல்லாத ஒரு கதையை அது கோராகின் வாயில் வைக்கிறது.

ஒரு விதவை, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு வயல். உழப் போனால், மாட்டையும் கழுதையையும் ஒன்றாகப் பூட்டாதே என்கிறார் மோசே. விதைக்கப் போனால், இருவகை விதை கலக்காதே. அறுத்தால், சிந்திய கதிரையும் வயலோரத்தையும் ஏழைக்கு விடு. களத்துக்கு வந்தால், காணிக்கையும் தசமபாகமும் கொடு. தாங்காமல் வயலை விற்று இரண்டு ஆடு வாங்குகிறாள். தலைச்சன் குட்டி தனக்கு என்று ஆரோன் வருகிறார். மயிர் கத்தரித்தால் முதல் கத்தரிப்பும் அவருக்கே. வெறுத்துப்போய் ஆட்டை அறுக்கிறாள். முன்னந்தொடையும் தாடையும் இரைப்பையும் என் பங்கு என்கிறார். எல்லாம் கடவுளுக்கே நேர்ந்துவிட்டேன் என்று அவள் கத்த, அப்படியானால் முழுதும் என்னுடையது என்று அவர் தூக்கிக்கொண்டு போகிறார். தாயும் மகள்களும் அழுதுகொண்டு நிற்கிறார்கள்.

இதைச் சொல்லும் கோராகைப் பரியாசக்காரன் என்றுதான் மித்ராஷ் கண்டிக்கிறது. இருந்தாலும் எதிராளிக்கு இத்தனை வலுவான வழக்கைக் கட்டிக் கொடுத்தவர்கள் மோசேயின் பக்கம் நின்ற ரப்பிகளே.

ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத், கலகத்தில் சேர்ந்த ஓனின் மனைவியைப் புகழ்கிறது: யார் ஜெயித்தாலும் நீ தொண்டன்தானே என்று கணவனைக் கேட்டு, மது கொடுத்துத் தூங்க வைத்துக் காப்பாற்றியவள். 13ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராம்பான் அரசியல்வாதியின் கண்ணோடு காலத்தைக் கவனிக்கிறார்: கானானை வேவுபார்த்து வந்தவர்கள் விவகாரத்துக்குப் பின், பாலைவனத்திலேயே சாவோம் என்று மக்கள் கசந்திருந்த நேரம் பார்த்துக் கோராகு கிளம்பினான். கேள்வியின் மையத்தைத் தொட்டவர் 20ஆம் நூற்றாண்டின் யூதச் சிந்தனையாளர் யெஷயாகு லைபோவிட்ஸ். பரிசுத்தம் கோராகுக்குக் கையிலிருக்கும் சொத்து, மோசேக்கு மனிதன்மேல் சுமத்தப்பட்ட கடமை என்று பிரித்தார். மற்ற விளக்கங்கள் ஆளைத் தாக்க, இது ஒன்றே வாதத்தோடு மோதுகிறது.

நவீன விவிலிய ஆய்வாளர் பலர் இங்கே இரண்டு கலகக் கதைகள் பின்னப்பட்டிருப்பதாகக் கருதுகிறார்கள். உபாகமம் 11ஆம் அதிகாரம் தாத்தானையும் அபிராமையும் மட்டுமே நினைவுகூர்கிறது. கோராகின் பெயரே அங்கில்லை.

கோராகின் மகன்கள் சாகவில்லை என்று எண்ணாகமம் 26ஆம் அதிகாரம் ஒரே வரியில் சொல்லிச் செல்கிறது. சங்கீதங்களில் 11 அவர்கள் வழியினர் பெயரைத் தாங்கியுள்ளன. ஜெப ஆலயங்களில் கோராகு பகுதி வாசிக்கப்படும் ஓய்வுநாளில் வழக்கமாக அதோடு சேர்த்து வாசிக்கப்படுவது, யாருடைய மாட்டை, யாருடைய கழுதையை எடுத்தேன் என்று தீர்க்கதரிசி சாமுவேல் மக்கள்முன் கணக்குக் கொடுக்கும் இடம். நாளாகமத்தின் வம்ச அட்டவணைப்படி அந்தச் சாமுவேல் கோராகின் வழித்தோன்றல்.