காய்ச்சலும் அரைப் பேரும்

தொற்றுநோய்க்கு மருந்து எழுதும் வைத்தியர் இரண்டு ஆபத்துகளை நிறுக்கிறார். கொடுத்தால் விளையும் தீங்கு ஒன்று. கொடாதிருந்தால் விளைவது மற்றொன்று. இத்தராசில் நோயாளியின் உடல் மட்டுமே ஏறுகிறதென்று பலரும் எண்ணுகின்றனர். புளத்கொகுபிட்டியத் தோட்டங்களில் நின்று பார்க்கும் நமக்கு இவ்வெண்ணம் ஏற்புடையதாகப் படவில்லை.

1934–35 மலேரியாவை நினைவுகொள்வோம். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. கேகாலை மாவட்டம் மிகக் கொடிய அடிபட்டது. அரசு கொயினா வழங்கிற்று. ஆனால் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தாரும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கண்டது வேறு: பட்டினியால் ஒட்டிய உடலுக்குக் கொயினா மட்டும் போதாது. ஆகவே மார்மைட்டை உருண்டையாக்கி மருந்தோடு கொடுத்தனர். அருகே ருவன்வெல்லையில் பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேரா 'பருப்பு மாத்தயா' ஆனார். கேலியாகச் சொன்னோரும் இருந்திருப்பர். அப்பெயரில் அடங்கிய வைத்தியம் மெய்யானது.

மலேரியா ஒழிந்ததென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று சப்ரகமுவையின் அச்சம் எலிக்காய்ச்சல். முதல் சில நாட்களில் வழக்கமான இரத்தப் பரிசோதனை இதனைப் பெரும்பாலும் காட்டிக்கொடாது. காத்திருந்தாலோ சிறுநீரகம் பழுதாகலாம். எனவே ஐயத்தின் பேரிலேயே டொக்சிசைக்கிளினோ பெனிசிலினோ தொடங்குவர். கர்ப்பிணிக்கு முன்னது தவிர்க்கப்படும். காய்ச்சலென்று வந்தவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுப்பதும் பிழையே: டெங்குவுக்கு இவற்றால் பயனில்லை, கிருமிகளும் மருந்துக்குப் பழகிப்போகும். ஆகவே, 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்ற கேள்வி இங்கு மிகுந்த எடை பெறுகிறது.

விடையாக அட்டையில் ஏறுவது 'தோட்டத் தொழிலாளி' என்னும் சொல். கான் வெட்டியவரா, பால் வெட்டியவரா, மாலையில் நாட்டார் வயலில் கூலிக்குச் சேற்றில் இறங்கியவரா? அச்சொல் ஒன்றும் சொல்லாது. சிங்களத்தில் கேட்ட கேள்விக்குத் தடுமாறி விடை கூறுபவரும் சொல்லமாட்டார். 'இரண்டு நாள் கழித்து வாருங்கள்' என்பது வசதியுள்ளவர்க்கு நிதானமான யோசனை. ஒரு பேர் போனால் அடுப்பெரியாத லயத்துப் பெண்ணுக்கோ அதுவே பேராபத்து; அவள் திரும்பி வரமாட்டாள், அரைப் பேருக்காகவேனும் காய்ச்சலோடு மலைக்குப் போவாள்.

வைத்தியர் கல்நெஞ்சரென்று நாம் கூறவில்லை. அவர் முன் நீளும் வரிசையை நாமும் கண்டிருக்கிறோம். எனினும் அந்த அட்டையில் இன்னும் இரண்டு வரிக்கு இடமுண்டு: கடந்த வாரம் எந்த நீரில் நின்றாள், நாளை மறுநாள் வர அவளால் இயலுமா.