‘பெரிய அரசாங்கம்’: ஒரு சொல்லாட்சி குறித்த மறுபார்வை

அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், 1996ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், பெரிய அரசாங்கத்தின் காலம் முடிந்துவிட்டது என அறிவித்தார். இச்சொல்லாட்சி அரசின் பரப்பை மட்டும் விவரிப்பதுபோல் தோன்றினும், மக்கள் வாழ்வில் அரசு அளவுமீறித் தலையிடுகிறது என்னும் கண்டனத்தையும் உள்ளடக்கியது. அதனைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது அக்கண்டனம் உதிர்ந்துவிடுகிறது. தமிழில் ‘பெரிய’ என்னும் அடை உயர்வையும் சுட்டும். ‘பேரரசு’ என்பதோ முற்றிலும் வேறுபொருள் தருவது. மலேசியத் தமிழில் ‘பேரரசர்’ என்றால் மாமன்னரே நினைவுக்கு வருவார்.

தமிழ் மரபு அரசை அளவால் எடைபோடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. திருக்குறள் செங்கோன்மை, கொடுங்கோன்மை என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைக்கிறது. கோல் நேரியதா, கோணியதா என்பதே அங்கு வினா. இறைமாட்சி அதிகாரமோ பொருளை ஈட்டுவதோடு அதனை முறையாக வகுத்தளிப்பதையும் அரசின் கடமையாகக் கொள்கிறது. எனவே, அரசின் பணி விரிவது தன்னளவில் குற்றமாகாது.

1959இல் சுதந்திராக் கட்சி தோன்றக் காரணமாயிருந்த இராஜாஜி, ‘லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம்’ என்று அன்றைய ஆட்சியைச் சாடினார். இத்தொடர் அரசின் அளவைக் கூறவில்லை. குடிமகன் காத்துநிற்கும் வாயிலைக் கூறுகிறது. அதன் வலிமையும் அதுவே.

அளவை மட்டும் நோக்கும் சொல்லின் குறைபாட்டைக் கெலாங் பாத்தா வட்டாரத்திலும் காணலாம். 1983இல் மலேசியா தனியார்மயக் கொள்கையை மேற்கொண்டது. இங்கிருந்து சிங்கப்பூர் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலம், கட்டணச் சாலையாக 1998இல் திறக்கப்பட்டது. அருகில் அன்று நுசாஜெயா என அழைக்கப்பட்ட பகுதியின் மேம்பாட்டில் முதன்மைப் பங்கு வகித்த யூ.இ.எம். குழுமம், 2001இல் அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவின் கைக்கு வந்தது. 2006இல் தொடங்கிய இஸ்கண்டார் திட்டத்திற்கு 2007இல் சட்டவழி ஆணையமும் அமைந்தது. இங்கு அரசு சுருங்கியதா, விரிந்ததா? நிறுவனத்தின் உருவில் அரசே நிற்கும்போது, தனியார்மயம் என்ற பெயரைக் கொண்டு மட்டும் இதற்கு விடைகாண இயலாது.

ஆதலின், அரசின் பணிப்பெருக்கத்தை விவரிக்குமிடத்து ‘விரிந்த அரசு’ என்றும், கண்டிக்குமிடத்து ‘தலையீட்டு அரசு’ என்றும் பெயர்ப்பது பொருந்தும். ‘மக்கள்நல அரசு’ என்பது பாராட்டைச் சுமந்த சொல்லாதலால், அதனையும் நடுநிலைச் சொல்லாகக் கொள்ளலாகாது. ஒரே அரசை மூவர் மூன்று பெயரால் அழைக்கலாம். அவற்றுள் எது விவரிப்பு, எது தீர்ப்பு எனப் பிரித்தறிய மாணவரைப் பழக்குவது மொழியாசிரியரின் பொறுப்பாகும்.